சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம்: வரலாறும் பார்க்க வேண்டியவையும்

சேப்பாக்கம் மைதானம் சென்னை வாலாஜா சாலையில் உள்ளது. தற்போதைய பெயர் எம். ஏ. சிதம்பரம் அரங்கம். இது 1916 இல் நிறுவப்பட்டது என்று பல கையேடுகளில் காணலாம். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கு ஆட்டம் தொடங்கிவிட்டது. மைதானத்தின் கதையையோ அதற்கும் முன்னால், ஆரணியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

1751 டிசம்பரில் ஆரணியருகே நடந்த போரில், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவருடன் வந்த பிரெஞ்சுப் படையையும் தோற்கடித்தார். அப்போது திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த முகமது அலிக்கு ஆற்காட்டு நவாப் பதவி உறுதிப்பட்டதில் இவ்வெற்றிக்குப் பங்குண்டு. பின்னர் வாலாஜா என்ற பட்டம் பெற்ற அந்த நவாபுக்காக 1768 இல் கட்டப்பட்டதே சேப்பாக்கம் அரண்மனை. 1855 இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் அந்தப் பதவியை ஒழித்து அரண்மனையை எடுத்துக்கொண்டனர். அதையொட்டிய வெளியில், 1846 இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865–66 வாக்கில் இடம்பெற்று ஆடத் தொடங்கியது.

அது ஐரோப்பியரின் கிளப். அங்கு ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனுக்குள் இடமில்லை. மரத்தடியில்தான் உண்ணவும் உடை மாற்றவும் வேண்டியிருந்தது என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. இந்த அவமதிப்புக்கு மோ. புச்சிபாபு நாயுடு தந்த பதில் 1888 இல் உருவான மெட்ராஸ் யுனைடெட் கிளப். மனு எழுதிக் காத்திராமல் தனியிடம் தேடி ஆட்டக்காரர்களை வளர்த்தார். இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் ஆட்டத்துக்கும் அவரே ஏற்பாடு செய்தார். 1908 இல் அது நடக்குமுன் காலமானார். 1915–16 முதல் அது ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடந்தது. பொங்கலையொட்டி வந்ததால் மக்களுக்கு அது "பொங்கல் மேட்ச்".

1934 பிப்ரவரியில் இங்கு முதல் டெஸ்ட் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம்: மெட்ராஸ், மைசூரை ஒரே நாளில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுத்தார்.

மைதானத்தின் பெரிய ஆண்டு 1952. ஐரோப்பியர்–இந்தியர் ஆட்டம் அந்தப் பருவத்தோடு முடிந்தது. பிப்ரவரி 6 அன்று இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. அன்றே மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வர, மறுநாள் ஓய்வு நாளாக்கப்பட்டது. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட், அடுத்ததில் 53க்கு 4. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடித்தனர். இந்தியா இன்னிங்ஸும் 8 ஓட்டமும் வித்தியாசத்தில் வென்றது. முதல் டெஸ்டுக்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்து, 25ஆவது ஆட்டத்தில் கிடைத்த முதல் வெற்றி அது. மரத்தடியில் நிறுத்தப்பட்டவர்களின் அடுத்தடுத்த தலைமுறைகள் பார்த்திருக்க, அதே புல்தரையில்.

இடையில் 1956 முதல் 1965 வரை சென்னை டெஸ்டுகள் மாநகராட்சி அரங்கில் நடந்தன. 1967 இல் மீண்டும் இங்கே. 1986 இல் ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் சமநிலையில் முடிந்தது. ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்தபடி வானொலி வருணனை கேட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1999 ஜனவரியில் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றபோது, ரசிகர்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினர். ஓட்டக் கணக்குகளைவிட இதையே மாணவர்களுக்கு முதலில் சொல்வேன்.

பார்க்கப் போகிறவர்கள் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கலாம். ஆட்டமில்லாத நாளானாலும் வெளியே சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். அதற்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம், அரண்மனையின் கலச மகாலும் ஹுமாயூன் மகாலும். கலச மகால் 2012 இல் தீப்பற்றிச் சிதைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. மைதானத்துக்குள் கிளப்பின் பெவிலியன் இப்போது இல்லை. அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான பார்வையாளர் மாடம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது.