பாக் பெலாங்கும் காட்டுப் பன்றியும்



"சார், எங்க மரவள்ளியெல்லாம் பன்னி தோண்டிப் போட்டுடுச்சு. அந்தக் காலத்துல இங்க புலி இருந்திச்சாமே, அது எங்க சார் போச்சு?" என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். அவன் கேட்டவை இரண்டு விஷயங்கள். ஆனால் இரண்டுக்கும் வரலாறு ஒன்றுதான்.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன்மாருக்குப் புலிப் பயம் உண்டு. மலாய்க்காரர்கள் அதன் பேரைச் சொல்லாமல் 'பாக் பெலாங்', அதாவது வரிக்காரப் பெரியவர் என்பார்கள். 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்பது அக்கால உத்தேசக் கணக்கு. அப்போது புலியைச் சுடுவது வீரம். 1976இல்தான் சட்டம் அதற்கு முழுப் பாதுகாப்பு தந்தது. அதற்குள் காடு குறையத் தொடங்கிவிட்டது. நமது பண்டார் தெங்காராவும் 1972இல் அமைந்த கெஜோரா வாரியம் காட்டைத் திறந்து உருவாக்கிய ஊர்தானே! 2016 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது.

இனி பன்றிக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு இருக்கிறது. மூன்று பக்கம் செம்பனை. 1996இல் ஆய்வாளர்கள் அங்கே எண்ணிப் பார்த்தபோது, ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47 பன்றிகள்! புலி அங்கே இல்லாமற் போயிருந்தது. உதிர்ந்த செம்பனைப் பழமோ ஆண்டு முழுவதும் கிடைத்தது. ஆகவே முழுப் பழியையும் புலி இல்லாமையின் மேல் போடக் கூடாது, சோறு போட்டவர்கள் நாம்தான். குட்டி போடும் தாய்ப்பன்றி நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டும். அப்புறம் காட்டில் நாளைக்கு மரம் ஏது?

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஐல் ராயல் என்ற தீவில் ஓநாய்கள் 2016இல் இரண்டே இரண்டாகக் குறைந்தன. அவை வேட்டையாடி வந்த மூஸ் என்னும் பெரிய மான்கள் 2019இல் 2,000ஐத் தாண்டின. 2018 முதல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மனிதர் குடியில்லாத தீவு, செய்ய முடிந்தது. லயத்துக்குப் பின்னால் புலியைக் கொண்டுவந்து விட யார் சம்மதிப்பார்?

ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. பன்றிக்கென்று காட்டோரத்தில் கம்பிக் கண்ணி வைக்கிறோமே, அந்தக் கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. காலில் இறுகினால் புலி நொண்டியாகும், அல்லது அங்கேயே சாகும்.

2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்து காட்டுப் பன்றிகளையும் கொன்றது. எஞ்சிய புலிகளுக்கு இரை குறையுமே என்று வனவிலங்கு அறிஞர்கள் கவலைப்பட்டார்கள்.

இதைச் சொன்னதும் அந்த மாணவன், "அப்போ பன்னியும் வேணுமா சார்?" என்றான். வேணும்தான் என்றேன். மறுவாரம் அவன் அப்பா மரவள்ளியைச் சுற்றிப் பழைய தகரத்தால் வேலி அடைத்துக்கொண்டிருந்தார்.