மன்னார்க் கரையில் தாயும் சேயும்

கடலருகே வாழ்பவர்க்கு உணவுக்குக் குறைவில்லை என்பது உள்நாட்டார் பலரின் எண்ணம். மன்னார்த் தீவை நோக்குவோர்க்கு அவ்வெண்ணம் எழுவதில் வியப்புமில்லை. ஒருபுறம் பாக்குக் குடா, மறுபுறம் மன்னார் வளைகுடா, தீவெங்கும் பனை, பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் கால் வைத்தால் கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் நெல்வயல்கள். மீனும் நெல்லும் பனையும் ஒருங்கே வாய்த்த இந்நிலத்தில் கருவுற்ற தாய் இரத்தச் சோகையால் வெளிறுவதேன்? அவள் பெற்ற பிள்ளை நிறை குன்றிப் பிறப்பதேன்?

இதற்கு நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் விடையொன்று உண்டு. தாய்மார் அறியாதவர்கள், எதை உண்பது, எதை ஊட்டுவது என்று தெரியாதவர்கள் என்பதே அது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வேரூன்றிய இவ்விடை, இன்றும் பல கருத்தரங்குகளில் உலவுகின்றது. இதனை வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

மன்னார்க் கடல் வளம் மிக்கது. ஆயின் அவ்வளம் கரையில் தங்கியதில்லை. முத்து அரசுக்கும் வணிகர்க்கும் சென்றது. சங்கு வங்கத்து வளையல் தொழிலுக்குச் சென்றது. கடலட்டை சீனத்துக்குச் சென்றது, இன்றும் செல்கின்றது. கருவாடு தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றது. மாதோட்டம் பெருந்துறையாக விளங்கிய பழங்காலந்தொட்டு இக்கரை உலகத்தோடு கொண்ட உறவு பெரும்பாலும் அனுப்பும் உறவாகவே இருந்திருக்கின்றது.

இதில் முத்துக்குளிப்பின் வரலாறு நம் கவனத்துக்குரியது. 1891க்குப் பின் அரிப்புக் கடலில் முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்காகத் தவறியது. சிப்பிக் குஞ்சுகள் வளர்வதற்கு முன்னரே மடிவது ஏன் என்பதை அறிய ஆங்கில அரசு பெரிதும் கவலைகொண்டது. லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இங்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பிக் குஞ்சின் உணவு, அதன் பகைவர், அதைப் பற்றும் நோய் யாவும் அதில் ஆராயப்பட்டன. விஞ்ஞானம் என்ற அளவில் அது போற்றத்தக்க உழைப்பே. ஆனால் அதே கரையில் பிறந்து மடிந்த மனிதக் குழந்தைகளுக்காக அப்படி ஐந்து தொகுதிகள் எழுதப்படவில்லை. 1906இல் முத்துப் பார்கள் தனியார் கம்பெனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின, கம்பெனியும் கலைந்தது. கரையோர மக்கள் கரையோரத்திலேயே இருந்தனர்.

அவர்களுடைய அன்றாட வாழ்வு மீனை நம்பியது. மீனோ சம்மாட்டியை நம்பியது. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. மாரிக்கால வறுமையில் அவர் தந்த முற்பணம் கோடைப் பாட்டில் கழிக்கப்படும். பிடித்த மீனில் தரமானது வாடியிலேயே விலையாகிவிடும். வீட்டுக்கு வருவது சிறுமீனும் எஞ்சிய மீனும். சிறுமீன் இழிவானதன்று. முள்ளோடும் தலையோடும் உண்ணப்படும் சூடையும் நெத்தலியும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துக்களும் நிறைந்தவை. ஆனால் மீன் மட்டும் உணவாகாது. அரிசிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் காசு வேண்டும். காசுக்கு மீனை விற்கவேண்டும். வலை வறிதான நாளில் இரண்டும் இல்லை. அந்நாட்களில் ஒடியற்கூழும் குரக்கன் களியுமே உயிரைத் தாங்கின.

வீட்டுக்குள் வந்த உணவும் எல்லார்க்கும் ஒன்றாகப் பங்கிடப்படவில்லை. கடலுக்குப் போகிறவர் முதலில் உண்பார், பின் பிள்ளைகள், இறுதியில் சட்டியில் எஞ்சியதைத் தாய் உண்பாள். ஒரு கர்ப்ப காலத்தில் பெண்ணுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து மேலதிகமாக வேண்டும் என்கிறது மருத்துவம். காலையில் வெறுந்தேநீரும் மாலையில் சோறும் உண்பவளுக்கு அது எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, உணவோடு அருந்தும் தேநீர் உள்ள இரும்பையும் உடலில் சேரவிடாது தடுக்கின்றது.

பழைய வழக்கங்களையும் நாம் நேர்மையுடன் நோக்கவேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சீனித்தண்ணீர் பருக்கும் வழக்கம் தீங்கானது. கர்ப்பிணி நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சமும் பலரிடம் இருந்தது. ஆயின் அந்த அச்சம் வெறும் மூடத்தனமா? வைத்தியசாலைக்கு மாட்டுவண்டியில் ஒரு பகல் செல்லவேண்டியிருந்த காலத்தில், தலை தடைப்பட்ட பிரசவம் என்பது சாவு. சிறிய பிள்ளையைப் பெறுவது உயிர் தப்பும் வழியாகத் தோன்றியது. அதே மக்கள்தாம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாவும் முருங்கையும் சமைத்தார்கள். மிளகும் மல்லியும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி ஆக்கினார்கள். அறிவும் அச்சமும் ஒரே அடுக்களையில் குடியிருந்தன. எது மேலோங்கும் என்பதைத் தீர்மானித்தது வாழ்க்கை நிலையேயாகும்.

இவற்றோடு மலேரியா சேர்ந்தது. 1934–35ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளை தென்மேற்கு மாவட்டங்களிலேயே மிகக் கொடூரமாக இருந்தது. ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. மன்னார், வன்னி போன்ற உலர்வலயப் பகுதிகளில் அது திடீரென வந்த கொள்ளையன்று. ஆண்டுதோறும் குடியிருந்த காய்ச்சல். மலேரியாக் கிருமி கர்ப்பிணியின் நச்சுக்கொடியில் தங்கிப் பெருகும். தாயின் இரத்தத்தைக் குறைக்கும். கருவின் வளர்ச்சியைத் தடுக்கும். முதற்பிள்ளை சுமப்பவளையே அது மிகுதியும் வருத்தும். கொள்ளைக் காலத்தில் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர், மருந்தோடு உணவும் இன்றி மக்களைக் காக்கவியலாது என்பதைக் கண்டனர். பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயரே நிலைத்தது. அந்த 1935ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1946இல் அவ்விறப்பு 141, அடுத்த ஆண்டிலேயே 101, 1960இல் 57. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் தாய்மார் புதியவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. மாறியவை வேறு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. அரசு பங்கீட்டைத் தொடங்கியது. கூப்பன் அரிசி ஏழை வீட்டுக்கும் வந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீட்டு வாசலுக்கு வந்தாள். போர் முடிந்ததும் டி.டி.ரி. தெளிப்பு வந்தது. மலேரியா ஒழிப்பே தலையாய காரணம் என்று பொருளியலாளர் பீட்டர் நியூமன் வாதிட்டார். உணவு விநியோகமும் மருத்துவச் சேவையும் இன்றி இது இயலாது என எஸ். ஏ. மீகம போன்றோர் எதிர்வாதம் செய்தனர். வாதம் எப்படி முடியினும், இரு தரப்பினரும் ஒன்றில் உடன்படுவர்: சமூகம் செய்த செயலே குழந்தைகளைக் காத்தது.

இது நம் நாட்டுக்கு மட்டுமுரிய அனுபவமன்று. 1940இல் குண்டுமழைக்கு நடுவே பிரித்தானியா கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மலிவாகவும் இலவசமாகவும் பால் வழங்கத் தொடங்கியது. பின்னர் தோடம்பழச் சாறும் மீனெண்ணெயும் சேர்ந்தன. பஞ்சம் வரவேண்டிய போர்க்காலத்தில் அங்கே இறந்து பிறக்கும் குழந்தைகளின் தொகை குறைந்தது. மறுபுறம், 1944–45 பனிக்காலத்தில் நாஜிகளின் முற்றுகையால் பட்டினி கிடந்த ஒல்லாந்துத் தாய்மாரின் பிள்ளைகள் முதுமையிலும் நோய் சுமந்தனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. கருவறையில் உற்ற பட்டினி ஒரு தலைமுறைக் காலம் நிலைக்கின்றது.

தந்ததைப் பறித்த கதையும் உண்டு. 1953 ஜூலையில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் அதற்கு மக்கள் கூறிய மறுமொழி. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். ஆனால் 1979இல் கூப்பன் முறை நீக்கப்பட்டு உணவு முத்திரை வந்தபோது அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. முத்திரையின் பெறுமதி நிலையாக இருந்தது. அரிசியின் விலை நிலையாக இருக்கவில்லை. விலை ஏற ஏற முத்திரை வெறும் தாளாயிற்று. 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டம் ஓரளவு கைகொடுத்தது. சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குன்றிய குழந்தைக்கும் உரியது. வறிய வீட்டில் அது அனைவர்க்கும் காலையுணவாகிவிடுவதை யார் குறை கூற முடியும்?

பின்னர் போர் வந்தது. 1990இல் தலைமன்னார் இரயில் நின்றது. தீவு இராணுவத்திடம், பெருநிலத்தின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடம் என நிலம் பிளவுண்டது. அரசின் பொருளாதாரத் தடை ஒருபுறம். இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போக ‘பாஸ்’ என மீனவன்மேல் விழுந்த விலங்குகள் மறுபுறம். மடுவிலும் பேசாலையிலும் அகதிகள் நிலையங்கள் எழுந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கடலைக் கண்டு வளர்ந்த தாய்மார் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் நிவாரண அரிசியை எதிர்பார்த்துப் பிள்ளை பெற்றனர். எந்தக் கொடியின் கீழ் நிகழ்ந்தாலும் முற்றுகையும் வெளியேற்றமும் முதலில் பால்குடிக் குழந்தையின் உணவையே பறிக்கின்றன.

இன்றைய நிலை என்ன? 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் தேசிய ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். அறியாமை பற்றிப் பேசுவோர் இவ்வெண்ணைக் கருதவேண்டும். மருத்துவமாது கற்பித்ததை நம் தாய்மார் கற்றுக்கொண்டார்கள். ஆயினும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. நம் குழந்தைகள் இறப்பிலிருந்து தப்பினர், பசியிலிருந்து தப்பவில்லை. தாய்ப்பாலுக்குத் தாயின் உடல் போதும். ஆறாம் மாதத்துக்குப் பின் மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். அவற்றைப் போதனையால் ஆக்கவியலாது.

2022 இதனை மீண்டும் மெய்ப்பித்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்பில் 94.9 வீதத்தை எட்டியது. சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. தேவை மிகுந்த ஆண்டிலேயே அது கிடைக்காமற்போயிற்று. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. சிறு தோணிகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. தோணி கரையில் கிடந்தால் வீட்டில் மீனுமில்லை, அரிசிக்குக் காசுமில்லை. கூடவே, எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன. அவற்றின் முதலாளிகளுக்கு அக்கரை மீனவனின் பசியும் இக்கரை மீனவனின் பசியும் ஒன்றே.

எனவே நம் முடிபு இது: தாய்க்குப் போதனை வேண்டும், ஆனால் போதனைக்கு முன் உணவு அவள் உரிமையாக வேண்டும். 1940களில் கூப்பன் கடையும் மருத்துவிச்சியும் சேர்ந்து வந்தபோது போதனையும் பலித்தது. ஆசிரியர்களாகிய நாம் இதில் கையைக் கட்டி நிற்கவேண்டியதில்லை. பள்ளியின் மதிய உணவில் நெத்தலியும் கீரையும் இடம்பெறக் கோரலாம்; கிராமத்து மருத்துவமாதின் பதவி வெறுமையாகக் கிடந்தால் பெற்றோரைத் திரட்டி அதிகாரிகளிடம் முறையிடலாம். வரலாறு கற்கும் மாணவர்கள், கூப்பன் காலத்தையும் முகாம் காலத்தையும் கண்ட பாட்டிமாரிடம் சென்று, எந்த ஆண்டில் எதை உண்டார்கள், எத்தனை பிள்ளைகளை இழந்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். சிப்பிக்கு ஐந்து தொகுதிகள் எழுதப்பட்ட கரையில், தாய்க்கும் சேய்க்கும் ஒரு தொகுதியேனும் நம் மாணவர் கையால் எழுதப்படவேண்டும்.