புகைவீட்டின் சாவி



நினைவுச் சொற்பொழிவுக்குப் பன்றிக்கறியைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் சிலர் சிரித்தார்கள். சிலர் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். அந்தச் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் பேசப்போவது நம் தெருவின் பன்றியைப் பற்றி அல்ல, அமெரிக்கப் பன்றியைப் பற்றி. 1873-இல் வெளியான 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் மகாத்மா ஜோதிராவ் புலே. கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை 1972-இல் மராத்தி இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுக்கறியில் போட்ட உப்புக்கண்டம், அவ்வளவுதான். உப்பில் பல நாள் கிடத்தி, கழுவி, புகையில் தொங்கவிட்டு எடுப்பது. ஒரு வரி கறி, ஒரு வரி கொழுப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். மெல்லிய துண்டுகளாக அரிந்து, காயாத வாணலியில் பரப்பி, தீயைக் குறைத்து வைத்தால் கொழுப்பு உருகி வரும். தன் கொழுப்பிலேயே தான் பொரியும். மிஞ்சும் கொழுப்பை அடுப்பருகே ஒரு டப்பாவில் வடித்துவைப்பார்கள். கீரைக்கும் பயறுக்கும் மக்காச்சோள ரொட்டிக்கும் அதுதான் ருசி. கொழுப்புக்காகவே பன்றி வளர்ப்பது நமக்கும் புதிதல்ல. பெண் பன்றியை அண்டவிடாமல் குழிக்குள் கட்டி, மாவு கொடுத்துக் கொழுக்கவைத்த ஆண் பன்றியின் கறியைப் பாணர்களுக்குக் கள்ளோடு கொடுத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது.

2000-க்குப் பிறகு அமெரிக்காவில் பேக்கன் ஒரு மோகமாகவே ஆனது. சாக்லேட்டில் பேக்கன், ஐஸ்கிரீமில் பேக்கன், மதுவில் பேக்கன். பேக்கன் படம் போட்ட சட்டைகள்கூட வந்தன. அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. வாணலியிலிருந்து எழும் அந்த மணத்துக்கு முன்னால் யாரும் யோக்கியர் இல்லை. ஆனால் இந்த ஆசைக்கு ஒரு பழைய வீடு உண்டு. ஜன்னல் இல்லாத, பூட்டுப் போட்ட, எஜமானர் வீட்டுக் கண்பார்வையிலேயே நிற்கும் ஒரு சிறிய கட்டடம். அதன் பெயர் புகைவீடு.

மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845-இல் தன் வரலாற்றை எழுதினார். வளர்ந்த ஓர் அடிமைக்கு மாதப்படி எவ்வளவு என்று அதில் கணக்குச் சொல்கிறார்: எட்டு பவுண்டு பன்றிக்கறி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் மக்காச்சோள மாவு. எட்டு பவுண்டு என்றால் மூன்றரைக் கிலோ சொச்சம். அதை வைத்துக்கொண்டு விடியலிலிருந்து இருட்டும்வரை ஒரு மாதம் வயலில் நிற்க வேண்டும். பன்றியை வெட்டியதும், உப்பு தேய்த்ததும், இரவும் பகலும் புகை அணையாமல் பார்த்துக்கொண்டதும் அடிமைகள்தான். தொடைக்கறி எஜமானர் மேசைக்குப் போனது. இவர்களுக்கு வந்தது தலை, கால், குடல், உப்பேறிய கொழுப்பு.

பின்னாளில் வேறோர் எஜமானரின் வீட்டில் தான் கிடந்த பட்டினியையும் டக்ளஸ் எழுதுகிறார். புகைவீட்டில் உணவு பூசணம் பூத்துக் கிடந்தது. அது எஜமானிக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தம்பதியர் தினமும் காலையில் மண்டியிட்டு, தங்கள் களஞ்சியத்தை ஆசீர்வதிக்கும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டார்கள். பக்தி பற்றிய இந்தக் குறிப்பை நம் ஊரில் யாருக்கும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

பசியில் அவர் திருடத்தான் செய்தார். அதற்கு அவர் 1855-இல் எழுதிய இரண்டாவது நூலில் சொல்லும் நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. நானே எஜமானரின் சொத்து. கறியும் எஜமானரின் சொத்து. அவருடைய ஒரு தொட்டியிலிருந்து எடுத்து அவருடைய இன்னொரு தொட்டியில் போட்டேன், இதில் களவு எங்கே வந்தது என்கிறார். அடிமைச் சட்டத்தின் தர்க்கத்தை அப்படியே திருப்பிப் பிடித்த வாதம்.

விடுதலை வந்த பிறகு தொட்டியின் கதை மாறியது. 1875 தேர்தலில் மிசிசிப்பியில் வெள்ளையர் வன்முறையால் ஆட்சியைப் பிடித்தார்கள். மறு ஆண்டே ஒரு சட்டம் வந்தது. மக்கள் அதைப் 'பன்றிச் சட்டம்' என்றார்கள். பத்து டாலருக்கு மேல் எதைத் திருடினாலும் பெருங்களவு. மாடோ பன்றியோ என்றால் விலை எதுவானாலும் பெருங்களவு. ஐந்து ஆண்டு வரை சிறை. சில ஆண்டுகளிலேயே கைதிகள் பல மடங்கானார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். அவர்களை அரசு தோட்டங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டது. ஒரு பன்றிக்குட்டிக்காக உள்ளே போனவர், விட்டுவந்த அதே பருத்தி வயலில் சங்கிலியோடு போய் நின்றார். அடிமையாக இருந்தபோதாவது அவர் உடலுக்கு ஒரு விலை இருந்தது. குத்தகைக் கைதி செத்தால் இன்னொருவர் வருவார்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு வெறும் ஒப்பாரியாகிவிடும். வர்ஜீனியாவில் விடுதலை பெற்றவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர் ஃப்ரீடவுன். அதை உண்டாக்கியவர்களில் ஒருவரின் பேத்தி ஈட்னா லூயிஸ், 1916-இல் அங்கே பிறந்தவர். பின்னாளில் நியூயார்க்கில் பெயர்பெற்ற சமையல் கலைஞரானார். 1976-இல் அவர் வெளியிட்ட நூல் சமையல் குறிப்புகளாகத் தோன்றினாலும் ஒரு ஊரின் வரலாறுதான். அதில் குளிர்காலப் பன்றி வெட்டுக்குத் தனி இடம் உண்டு. கடுங்குளிர் இறங்கியதும்தான் வெட்டு. வெயில் இருந்தால் உப்பு ஏறும் முன் கறி கெட்டுவிடும். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். கொதிநீர் ஊற்றி மயிர் சுரண்டி, தொங்கவிட்டுப் பிரிப்பார்கள். அன்றைக்கே ஈரல் சமையல். ஆண்கள் உப்பு தேய்க்க, பெண்கள் கொப்பரையில் கொழுப்பை உருக்குவார்கள். அடியில் மிஞ்சும் மொறுமொறுப்பு ரொட்டி மாவில் சேரும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் புகை. டக்ளஸின் ஊரில் நடந்த அதே வேலைதான் இங்கேயும். கைகளும் அதே மக்களின் கைகள்தான். ஆனால் ஃப்ரீடவுனில் தொடைக்கறியும் வயிற்றுக்கறியும் வெட்டியவர் வீட்டிலேயே தொங்கின.

எல்லோருக்கும் ஃப்ரீடவுன் வாய்க்கவில்லை. தெற்கில் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். தோட்டக் கடையில் கடனுக்கு வாங்கித் தின்றார்கள். மக்காச்சோள மாவு, முதுகுக் கொழுப்பு, வெல்லப்பாகு, இவ்வளவுதான். இந்த உணவால் பெல்லாக்ரா என்னும் நோய் பரவியது. தோல் உரிந்து, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கிருமியால் வருவதல்ல, வறுமை உணவால் வருவது என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1915-இல் காட்டியபோது, தென்மாநிலப் பெரியவர்களுக்குக் கோபம்தான் வந்தது.

அதற்கடுத்த பத்தாண்டில் நியூயார்க்கில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர் ஒரு பேக்கன் கம்பெனிக்காக வேலை செய்தார். சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமகன் முறை அவர். காலையில் கனமாகச் சாப்பிடுவது நல்லதா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டு, அவர் பேரிலேயே சுமார் 5,000 மருத்துவர்களுக்குக் கடிதம் போகவைத்தார். பெரும்பாலோர் ஆம் என்றார்கள். அது செய்தித்தாள்களில் செய்தியாக வந்தது. முட்டையும் பேக்கனும் நல்ல காலை உணவு என்ற பேச்சு கூடவே வந்தது. இதைப் பின்னாளில் அவரே பெருமையாகச் சொன்னார். தெற்கில் கடனுக்குக் கிடைத்த உப்புக்கொழுப்பு ஏழ்மையின் அடையாளம். வடக்கில் அதே பன்றி, மருத்துவர் வாக்கோடு தேசத்தின் காலைச் சாப்பாடு.

கறுப்பு மக்களுக்குள்ளேயே இந்தக் கறியைப் பற்றி ஒரே கருத்து இருந்ததில்லை. 1960-களில் குடலும் கீரையும் பன்றிக்கொழுப்பும் 'ஆன்ம உணவு' என்று பெருமையோடு பேசப்பட்டபோதே, அது எஜமானன் எறிந்த அடிமைத் தீனி, தொடாதே என்றார் இஸ்லாமிய தேசம் இயக்கத்தின் எலைஜா முகமது. சிறையில் இருந்த மால்கம் எக்ஸுக்கு அவர் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது: பன்றிக்கறியை விடு, சிகரெட்டை விடு, வெளியே வரும் வழி சொல்கிறேன். அடுத்து கறித்தட்டு வந்தபோது வேண்டாம் என்று தள்ளியது தனக்குத் தந்த கர்வத்தை மால்கம் எழுதியிருக்கிறார். 1927 மகாடில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று அண்ணல் சொன்னதை நாம் இதோடு சேர்த்து வாசிக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அண்ணல் விடச் சொன்னது ஊருக்குக் கட்டுப்பட்டு இழுத்துப்போட்டதற்குக் கூலியாக வந்த கறியை. நாக்கின் ருசி அங்கே வழக்கே அல்ல. கறியே குற்றம் என்று சொல்லும் இடத்தில் நான் எலைஜா முகமதுவிடமிருந்து விலகுகிறேன். மால்கமின் கர்வத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய பேக்கனுக்கு வருவோம். வட கரோலினாவில் டார் ஹீல் என்ற சிற்றூரில் 1992-இல் ஸ்மித்ஃபீல்டு கம்பெனி திறந்த வெட்டுக்கூடம் உலகிலேயே பெரியது. நாளொன்றுக்கு 32,000 பன்றிகள் வரை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும். 1994, 1997 ஆகிய இரு வாக்கெடுப்புகளில் தொழிற்சங்கம் தோற்றது. 1997-இல் கம்பெனி சட்டத்தை மீறியது என்று தொழிலாளர் வாரியமும் நீதிமன்றமும் பின்னர் சொல்லின. 2007 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை கேட்டு நூற்றுக்கணக்கானோர் வேலைக்கு வராமல் நின்றார்கள். 2008 டிசம்பரில் சங்கம் வென்றது. அமெரிக்கா பேக்கன் மோகத்தில் திளைத்த அதே ஆண்டுகள்தான் இவை. அந்த மோகத்தைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் டார் ஹீலின் பெயரைச் சொன்னார்கள்?

ஃபானி லூ ஹேமரைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மிசிசிப்பியில் 1917-இல், வாரக்குடியானவர் வீட்டில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஒரு தோட்டத்தில் 18 ஆண்டுகள் உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். அன்றிரவே தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம் ஏழைகளுக்கான மத்திய அரசின் இலவச உணவுப் பொருட்களையே நிறுத்தியது. வாக்கு கேட்டால் மாவு இல்லை. புகைவீட்டின் பூட்டு அரசு அலுவலகத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவே.

வாக்குரிமைச் சட்டம் 1965-இல் வந்தது. ஆனால் பசித்தவரின் வாக்கை யாரும் மிரட்டி வாங்கலாம் என்பது ஹேமருக்குத் தெரியும். 1960-களின் இறுதியில் சன்ஃப்ளவர் மாவட்டத்தில் அவர் தொடங்கியது ஒரு வங்கி. பணம் போடும் வங்கி அல்ல, பன்றி வங்கி. நீக்ரோ பெண்களின் தேசிய மன்றம் தந்த உதவியில், ஐம்பதுக்கு மேற்படாத பன்றிகளோடு தொடங்கியது. 1969-இல் விடுதலைப் பண்ணை என்ற கூட்டுறவு வந்தது; முதலில் வாங்கிய நிலம் 40 ஏக்கர். உள்நாட்டுப் போர் முடிந்தபோது விடுதலை பெற்றவர்களுக்கு வாக்களித்துப் பறிக்கப்பட்டதும் ஆளுக்கு 40 ஏக்கர்தான். பஞ்சமி நில வழக்குகளுக்கு அலைந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும். பண்ணை பின்னர் 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. வெள்ளமும் வறட்சியும் கடனும் சேர்ந்து 1970-களின் நடுவில் கையைவிட்டுப் போனது. ஹேமர் 1977-இல் இறந்தார்.

பன்றி வங்கியின் விதி எளிது. சினையான பன்றியைக் குடும்பம் ஓட்டிப்போகும். ஈன்று குட்டிகள் தேறியதும் தாய் வங்கிக்குத் திரும்ப வேண்டும், குட்டிகள் குடும்பத்துக்கு. அந்தக் குட்டிகள் வளர்ந்து ஈனும்போது இல்லாத வேறு குடும்பத்துக்குக் குட்டி கொடுக்க வேண்டும். வட்டி குட்டி போடும் என்று நம் ஊரில் பயந்து சொல்வார்கள். இங்கே குட்டிதான் வட்டி, அதுவும் பக்கத்து வீட்டுக்குப் போகும் வட்டி. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பன்றிகள் போய்ச் சேர்ந்தன. முதல் கடுங்குளிர் இறங்கியதும் அந்த வீடுகளில் உப்பு தேய்த்தார்கள், தொங்கவிட்டார்கள், புகை மூட்டினார்கள். காலையில் வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தார்கள்.