'மீர்' என்னும் ஒரு சொல்



ருஷ்ய மொழியிலே 'மீர்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. சமாதானம் என்றும் பொருள், உலகம் என்றும் பொருள். முன்பு இரண்டையும் வேறு வேறு எழுத்திட்டு எழுதினார்கள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒன்றாகிவிட்டது. 1986-இல் சோவியத் நாடு விண்ணுக்கு அனுப்பிய நிலையத்துக்கும் இதே பெயர்தான்.

ஆனால் ஜார் காலத்துக் குடியானவன் 'மீர்' என்றால் அது அவன் கிராமத்து ஜனங்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று நாம் கேட்கிறோமே, அந்த ஊர்! நிலம் பெரும்பாலும் ஊருக்குப் பொது. குடும்பத் தலைவர்கள் கூடி, வீட்டில் உள்ள ஆட்களுக்குத் தக்கபடி துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சில ஆண்டு போனால் கலைத்து மறுபடி பிரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். வரியும் பொதுவாச்சே! ஒருவன் கட்டாவிட்டால் மற்றவன் தலையில் விழும். அதனால் 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகும், ஊர் சம்மதிக்காமல் ஒருவன் லேசில் வெளியேற முடியாது.

படித்தவர்கள் இந்த மீரை 'ஒப்ஷ்சினா' என்றார்கள். 'பொது' என்ற வேரில் பிறந்த சொல் அது. அதே வேர்ச்சொல் பல்கேரியாவிலும் செர்பியாவிலும் ஊராட்சியைக் குறிக்கிறது. செக் மொழியில் 'ஒபெட்ஸ்' என்றால் ஊர். அதிலிருந்து வந்த 'ஒப்சான்' என்றால் குடிமகன். பக்கத்துப் போலந்துக்குப் போனால்தான் வேடிக்கை. அங்கே 'ஒப்ட்ஸி' என்றால் அந்நியன்! பொதுவானது என்னுடையது அல்ல, என்னுடையது அல்லாதது பிறருடையது, பிறருடையவன் அந்நியன். இப்படிப் படிப்படியாக நகர்ந்திருக்கிறது பொருள்.

வகுப்பிலே இதைச் சொன்னபோது ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், அப்போ மீரை விட்டுப் போனவன் அந்த ஊருக்கு யாரு?" என்று கேட்டாள். சரியான கேள்வி!

அப்படிப் போனவர்கள் உண்டு. வரிக்கான கூட்டுப் பொறுப்பு 1903-இல் நீங்கியது. 1906-இல் பிரதமர் ஸ்டோலிப்பின், அவனவன் பங்கை அவனவன் பெயருக்கே எழுதிக்கொள்ள வழி செய்தார். இலட்சக்கணக்கான குடும்பங்கள் பிரிந்தன. தங்கிவிட்டவர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. 1917-இல் புரட்சி வந்ததும், பிரிந்தவர்களில் பலருடைய நிலத்தை ஊரார் பறித்துப் பொதுவிலே சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர்க்கூட்டமும் நெடுநாள் நிற்கவில்லை. கூட்டுப்பண்ணைகள் வந்தன, 1930-இல் அரசாங்கம் மீரையே கலைத்துவிட்டது.