பெட்டியில் வந்த கார்

1957-இல் லோட்டஸ் செவன் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது அதற்கு இரண்டு விலை இருந்தது. கம்பெனியே பூட்டி சாவியைக் கையில் கொடுத்தால் 1036 பவுண்டு. அதே காரைப் பெட்டி பெட்டியாகப் பாகங்களாக வாங்கி, வீட்டு கார் ஷெட்டில் நாமே பூட்டிக்கொண்டால் 536 பவுண்டு. ரூபாய்க்கு எட்டணா மிச்சம். அடேங்கப்பா, பூட்டுகூலியே இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். கூலி கொஞ்சம்தாங்க. மீதியெல்லாம் வரி.

பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற அந்த வரி 1940-இல், போர் நடுவே வந்தது. ஆடம்பரப் பொருள்களை மக்கள் வாங்காமல் தடுப்பதும், அந்த ஆலைகளைப் போர்ச் சாமான்கள் செய்யவைப்பதும் நோக்கம். போர் முடிந்தது, வரி முடியவில்லை. 1951-இல் கார்களுக்கு அது மூன்றில் இரண்டு பங்காக, அதாவது நூற்றுக்கு 66-க்கும் மேலாக ஏறியது. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. டாலர் சம்பாதிக்க வேண்டிய நாடு, செய்கிற கார்களையெல்லாம் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரன் பேர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தான். போரில் விமான எஞ்சினையும் டாங்கியையும் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் ஊரெல்லாம் இருந்தன. அந்தக் கைகளில் புது கார் வாங்கக் காசு இல்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வரி காருக்குத்தான். அச்சு, சக்கரம், குழாய், தகடு என்று தனித்தனியாகக் கிடந்தால் அது கார் இல்லை, சாமான். அப்படியானால் எந்த இடத்தில் சாமான் காராகிறது? கேட்க வேடிக்கையாக இருந்தாலும், கிட் கார் என்ற தொழிலே அந்தக் கேள்வியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. சந்தில் நுழைய இரண்டு நிபந்தனைகள். வாங்கியவர் கூலிக்கு ஆள் வைத்துப் பூட்டக் கூடாது. விற்பவர் 'இப்படிப் பூட்டுங்கள்' என்று வழிகாட்டிக் குறிப்பு தரக் கூடாது. லோட்டஸ் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது, காரை எப்படிப் *பிரிப்பது* என்று குறிப்பு எழுதிக் கொடுத்தது, வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். அந்தக் காலத்து மனநிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தக் கதையின் வேர் இன்னும் பழைய ஒரு காரில் இருக்கிறது. ஆஸ்டின் செவன். 1922 முதல் 1939 வரை கிட்டத்தட்ட 2,90,000 வண்டிகள். இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்கள் மோட்டார் சைக்கிள் சைடு காரிலிருந்து காருக்கு மாறியதே இந்தச் சின்ன வண்டியால்தான். போருக்குப் பிறகு கிழடுதட்டிய ஆஸ்டின்கள் சல்லிசாகக் கிடைத்தன. அவற்றைப் பிரித்து ரேஸ் வண்டி செய்வதற்கென்றே 750 மோட்டார் கிளப் என்று ஒரு சங்கம் இருந்தது, 1939-இல் தொடங்கியது. 750 என்பது ஆஸ்டின் எஞ்சினின் ஏறக்குறைய சிசி கணக்கு.

ஆஸ்டினின் சேஸி பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு சி சேனல்கள், முன்னால் குறுகி, பின்னால் அகன்று, ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி படுத்திருக்கும். சேனல் என்றால் மூன்று பக்கம் தகடு, ஒரு பக்கம் திறப்பு. நேராக அழுத்தினால் தாங்கும், முறுக்கினால் தாங்காது. வீட்டில் ஊதுபத்தி அட்டைப்பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூடிய பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் எதிர்க்கும். ஒரு விளிம்பை நீளவாக்கில் கத்தரித்துவிட்டு முறுக்கினால் துணி மாதிரி சுருளும். சேஸி இப்படி முறுக்கிக்கொண்டால் சக்கரம் சாலையில் ஒழுங்காகப் பதியாது, ஸ்டீயரிங் ஒன்று சொல்லும், வண்டி ஒன்று செய்யும்.

1948-இல் லண்டனில் காலின் சாப்மன் என்ற மாணவர் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்தார். யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். பாலமும் கூரையும் எப்படி நிற்கின்றன என்று வகுப்பில் படித்ததை அவர் சேஸியில் பார்த்தார். சேனலின் திறந்த பக்கத்தில் நாலாவது தகட்டை வைத்து வெல்டிங் செய்தார். சேனல் பெட்டியானது. எடை கொஞ்சம்தான் கூடியது, முறுக்கு விறைப்பு பலமடங்கு கூடியது. மேலே பிளைவுட்டும் அலுமினியமும் சேர்ந்த உடல். லோட்டஸ் மார்க் 1 என்று பின்னால் பெயர் பெற்ற வண்டி அதுதான்.

அது எழுந்த இடம் மஸ்வெல் ஹில்லில், அவருடைய தோழி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டு கார் ஷெட். 1952-இல் கம்பெனி தொடங்கக் கைமாற்றாக 25 பவுண்டு கொடுத்ததும் ஹேசல்தான். பிற்பாடு இருவரும் மணந்துகொண்டார்கள். 'ஒரு மேதை, ஒரு கார் ஷெட்' என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அந்த ஷெட் யார் வீட்டுது என்பதை அடிக்குறிப்பாகத்தான் வைக்கிறார்கள். எனக்கென்னவோ அது முதல் வரியில் இருக்க வேண்டிய விஷயம்.

கம்பெனியின் முதல் இடம் ஹார்ன்சியில், சாப்மனின் அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். அங்கிருந்து வந்த மார்க் 6-இல் ஆஸ்டினின் சேஸியே இல்லை. மெல்லிய உருட்டுக் குழாயும் ஸ்கொயர் பைப்பும் முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்து வெல்டிங் செய்த கூடு. சதுரத்தைத் தள்ளினால் சாயும், முக்கோணத்தைத் தள்ளினால் சாயாது. பாலத்தின் கணக்கு அப்படியே காருக்கு இறங்கியது. வெறும் கூட்டின் எடை சுமார் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி. வாங்குகிறவர் இந்தக் கூட்டையும் சில்லறைச் சாமான்களையும் எடுத்துப்போய், பழைய ஃபோர்டிலிருந்து 1172 சிசி எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொள்வார். சுமார் 110 வண்டிகள் இப்படிப் போயின. அடுத்து வந்தது செவன், நாம் விலை பேசிய அந்தக் கார்.

இதை ஒரு வீர கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஐம்பதுகளில் கண்ணாடியிழை உடல்கள் விற்ற ஆஷ்லி, ஃபால்கன், ராச்டேல் போன்ற சின்னக் கம்பெனிகள் பல. இத்தாலிய ரேஸ் கார் மாதிரி வழவழவென்று ஒரு மேலோடு, அதன் அடியில் தொடவே தொடாத முப்பதுகளின் சேஸி. ஆஸ்டினுக்குக் கேபிள் பிரேக், ஃபோர்டு டென்னுக்குக் கம்பி பிரேக். பார்த்தா நூறு மைல் வேகம், மிதிச்சா நிக்காது. வரியை ஏமாற்றலாம், இயற்பியலை ஏமாற்ற முடியுமா? அரசாங்கம் காரின் விலைக்குள் கைவிட்ட அளவு சேஸிக்குள் கண்ணை விடவில்லை. பழைய கார்களுக்குச் சோதனை கட்டாயமானதே 1960-இல்தான். வீட்டில் பூட்டிய வண்டிகளுக்கென்று முறையான ஒப்புதல் சோதனை வர 1998 ஆனது.

நம்மூர் வாசல் வழியாகவும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. பழைய தமிழ்ப் படங்களிலும் தாத்தா வீட்டு ஆல்பங்களிலும் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் மெட்ராஸில் உருவானது. அதன் மூலம் 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ஃப் ஹெரால்டு. எல்லோரும் உடலும் சேஸியும் ஒன்றான வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் தனி சேஸியோடு வந்தது. காரணம் பொறியியல் இல்லை, வியாபாரம். முழு உடலையும் அடித்துக் கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், பல இடங்களில் துண்டு துண்டாக அடித்த தகடுகளைச் சேஸி மேல் போல்ட் போட்டு மாட்ட வேண்டிய நிலை. அந்தக் கட்டாயமே பிற்பாடு கிட் கார்க்காரர்களுக்கு வரமானது. போல்ட்டைக் கழற்றி உடலைத் தூக்கிவிட்டால், எஞ்சினும் சக்கரமும் ஸ்டீயரிங்கும் ஏற்கெனவே மாட்டிய ஒரு சேஸி தரையில் நிற்கும். ஜென்ட்ரி முதலிய கிட்கள் அந்தச் சேஸி மேல் ஏறின.

ஆனால் ஹெரால்டின் சேஸியும் துருப்பிடிக்கும். நடு முதுகெலும்பு பெரும்பாலும் தப்பிக்கும், பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்காது, 'பொத்' என்று கேட்கும். மறுபடி கட்டுவதில் முதல் வித்தை, எல்லா அழுகலையும் ஒரே நாளில் வெட்டி எடுக்காமல் இருப்பது. ஒரு கையை வெட்டி, புதுசை வைத்து, மூலைவிட்டங்களை அளந்து, அங்கங்கே டேக் வைத்து, மறுபடி அளந்து, அப்புறம்தான் முழு வெல்டிங். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும். ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டே போனால் சேஸி வாழைப்பழமாகிவிடும். குழாய்க் கூட்டிலும் இதே கதைதான், கூடுதலாக ஒரு தொல்லை: அலுமினியத் தகடும் எஃகுக் குழாயும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் ஒன்றை ஒன்று தின்னும். ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்துத் தகட்டை உரித்த பிறகுதான் உள்ளே என்ன மிச்சம் என்றே தெரியும்.

எனக்குப் பிடித்த துரு, லோட்டஸ் எலானுடையது. 1962-இல் வந்த அந்தக் காரும் கிட்டாக விற்றது. நடுவே முதுகெலும்பு மாதிரி மடித்த தகட்டு சேஸி, மேலே கண்ணாடியிழை உடல். முகப்பு விளக்குகள் உள்ளே மடங்கிக்கொள்ளும், அவற்றைத் தூக்கி நிறுத்துவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கத் தனிக் குடுவை எதற்கு என்று சேஸியின் முன் குறுக்குப் பெட்டியையே குடுவையாக்கிவிட்டார்கள். அது துருவேறி ஓட்டை விழுந்தால் வெற்றிடம் நிற்காது, விளக்கு தூங்கி வழியும். கார் கண்ணைச் சொருகினால் எலும்பு உளுத்துவிட்டது என்று அர்த்தம். பல எலான்கள் அப்புறம் துத்தநாகம் பூசிய புதிய சேஸிக்கு மாறின.

1973 ஏப்ரலில் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வரி வந்தது, கிட்டுக்கும் சேர்த்து. சந்து மூடியது. லோட்டஸ் செவனைக் கைகழுவ, கேட்டரம் என்ற விற்பனை நிறுவனம் உரிமையை வாங்கி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி வீட்டில் பூட்டும் வழக்கமும் அப்போதே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. கோர்ட்டினாவும் எஸ்கார்ட்டும் உடல் அழுகி, எஞ்சின் மட்டும் உயிரோடு பழைய இரும்புக் கடைகளில் குவிய, டட்டன் போன்றவர்கள் மலிவான சேஸிகளை விற்றார்கள். 1996-இல் ரான் சாம்பியன் ஒரு புத்தகம் எழுதினார்: 250 பவுண்டுக்குள் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டுவது எப்படி என்று. பழைய எஸ்கார்ட் ஒன்று, ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், சமமான ஒரு மரப்பலகை, வெல்டிங் மெஷின். வடிவம் செவனின் சாயல். இந்த முறை கிட் வாங்கும் வேலைகூட இல்லை, சேஸியையே முதல் குழாயிலிருந்து நீங்கள் அறுக்கிறீர்கள். லோகாஸ்ட் என்று பெயர் பெற்ற அந்த வண்டிகள் உலகத்தின் பல மூலைகளில் முளைத்தன. வரி மிச்சத்துக்காகத்தான் ஜனங்கள் கட்டினார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இந்த லோகாஸ்ட்களே பதில்.

வரி அதிகாரியின் கேள்வி 'இது கார் ஆகிவிட்டதா?' என்பது. பதிவு அதிகாரியின் கேள்வி வேறு: 'இது இன்னும் அதே கார்தானா?' பிரிட்டனில் நெடுங்காலம் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். சேஸிக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. ஊரே இதயம் என்று கொண்டாடும் எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14-இல் 8 வாங்கினால் பழைய நம்பர் தங்கும். உடலுக்கு மார்க்கே இல்லை. எலானுக்கு அதே அளவில் புதிய சேஸியை உற்பத்தியாளரிடம் வாங்கி ரசீது காட்டினால் 5 மார்க்கும் கிடைக்கும். ஹெரால்டின் அசல் சேஸியை நடுவில் வெட்டி நாலு விரற்கடை நீட்டினால், ஒவ்வொரு தகடும் 1960-களின் தகடாகவே இருந்தாலும், அந்த 5 போய்விடும். அப்போது கிடைப்பது கியூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர், எந்த ஆண்டு வண்டி என்று சொல்ல முடியாதவற்றுக்கு 1983 முதல் தருவது. வயதில்லாத கார்.

கார் ஷெட்டில் மாதக்கணக்கில் குனிந்து வேலை பார்த்துவிட்டு இந்த எழுத்தை வாங்கியவர்களுக்கு அது அவமானமாகவே பட்டது. விற்கப் போனால் விலையும் விழும். 2025 ஆகஸ்டில் விதிகளைத் தளர்த்தினார்கள். சேஸியில் கைவைத்தாலும் முறையாகத் தெரிவித்தால் பழைய அடையாளத்தோடு ஓட்டலாம்.