பெயரில்லாப் பதக்கமும் பிழையின் சாட்சியமும்

ஆசிரியர் பெயரற்ற நூலொன்று கிடைத்தால் நடையையும் சொல்லாட்சியையும் கொண்டு அதன் மரபை அறிய முயல்கிறோம். உலோகத்துக்கும் அத்தகைய வாசிப்பு உண்டு. ஜெர்மானியரின் இரும்புச் சிலுவைப் பதக்கம் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

நெப்போலியனுக்கு எதிராகப் போர் தொடுத்த 1813 இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் இதனை நிறுவினார். கருமையூட்டிய இரும்புத் தகட்டை இரு வெள்ளிச் சட்டங்களுக்கு இடையே வைத்து விளிம்பில் பற்றவைத்தார்கள். 1914 இல் முதல் உலகப்போர் மூண்டபோது இப்பதக்கம் மீண்டும் வழக்கிற்கு வந்தது. அப்போருக்கென வழங்கப்பட்ட இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் மட்டுமே ஏறத்தாழ ஐம்பது லட்சம். பல பட்டறைகள் அவற்றைச் செய்தன. செய்தவரின் குறி பெரும்பாலும் நாடா கோக்கும் வளையத்தில்தான் இருக்கும். குறியே இடப்படாதவையும் ஏராளம். வளையம் மாற்றப்பட்டால் இருந்த குறியும் போயிற்று.

எனில் செய்தவரை அறிவது எப்படி? சட்டத்தை அடித்தெடுத்த எஃகு அச்சில் ஒரு கீறல் விழுந்தால், பின்னர் அதில் அடிக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் அது மெல்லிய மேடாக எழும். குறியுள்ள சிலுவையிலும் குறியற்றதிலும் அதே இடத்தில் அதே மேடு தென்பட்டால், இரண்டும் ஓரச்சில் பிறந்தவை. கிரீடத்தின் வளைவும் ஆண்டெண்ணின் வடிவமும் துணைச்சான்றுகள். படிகளுக்குப் பொதுவான பிழைகளே அவற்றின் பொது மூலத்தைக் காட்டும் என்னும் பாட ஆய்வு முறை, பெர்லின் பேராசிரியர் கார்ல் லாக்மனின் பெயரால் வழங்குவதை நாம் அறிவோம். அவரும் 1815 இல் பிரஷ்யப் படையில் தன்னார்வலராகச் சேர்ந்தவரே!

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. அச்சு கைமாறலாம், ஒருவர் செய்த சட்டத்தில் இன்னொருவரின் தகடு அமரலாம். காலமும் ஏமாற்றும். 1939 இல் ஸ்வஸ்திகாவுடன் வெளிவந்த சிலுவையை, அச்சின்னம் நீக்கி அணிய 1957 இல் மேற்கு ஜெர்மனி சட்டம் இயற்றியது. போர்க்காலத்தில் 4 என்னும் எண்ணைப் பெற்றிருந்த ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் நிறுவனம் அப்புதிய வடிவத்தையும் செய்தது. பட்டறை ஒன்றாயினும் காலம் ஒன்றாகிவிடாது.

புகழ்பெற்ற பட்டறையின் பெயர் சேர்ந்தால் சந்தையில் விலை ஏறும். ஆகவே விரும்பிய பெயரைச் சூட்டும் ஆசையும் எழும். ஆனால் இங்கே பணயமாக இருப்பது விலை மட்டுமன்று. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் படையில் பணியாற்றினர். சுமார் 12,000 பேர் மாண்டனர். இச்சிலுவையைப் பெற்றவர் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர். பின்னர் அதே நாடு அவர்களை வேட்டையாடியது. அந்த வரலாற்றுக்குச் சாட்சியாக ஒரு சிலுவையை முன்வைக்கும்போது, அது அக்காலத்ததுதான் என்பது உறுதிப்பட வேண்டாமா? போலிச் சாட்சி உண்மைச் சாட்சியையும் ஐயத்துக்கு ஆளாக்கும்.

செய்த கையை அச்சின் கீறல் காட்டித் தரலாம். அணிந்த மார்பு எவருடையது என்பதை அது சொல்லாது. இவ்விரண்டையும் குழப்பாதிருப்பதே இவ்வாய்வின் அறம் என்போம்.