காக்ஸ் டவுனின் உணவும் சட்டத்தின் மொழியும்

1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த பிரிட்டிஷ் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. அதனால் உருவான, கன்னடர் ‘தண்டு’ என்றழைத்த கண்டோன்மென்ட்டின் விரிவாக்கங்களுள் ஒன்றே காக்ஸ் டவுன். படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் வணிகரும் தொழிலாளரும் சமையற்காரரும் அங்குக் குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்தது. பீடபூமியின் மைய உணவு கேழ்வரகு. தண்டுப் பகுதியில் சோறும் ரொட்டியும் மாட்டிறைச்சியும் கலந்த வேறோர் உணவுமுறை வேரூன்றியது. மாட்டிறைச்சி அங்கே படைவீரரின் பங்கீட்டு உணவு. தலித்துகள், கிறித்தவர், முஸ்லிம்களுள் எளியோர்க்கு விலை கட்டுப்படியாகும் கறி.

1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. இனி இப்பகுதியின் சமையலறைக்கும் மாநிலச் சட்டமே எல்லை. அச்சட்டத்தின் அடித்தளம் அரசியலமைப்பின் 48ஆம் உறுப்பு. பசுவதைத் தடையை அது வேளாண்மை, கால்நடை வளர்ப்பு ஆகியவற்றின் பெயரால் முன்வைக்கிறது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் இதனை விவாதித்தபோது இசட். எச். லாரி, சாதுல்லா ஆகியோர் எழுப்பிய வினா முதன்மையானது: காரணம் சமய உணர்வெனில் அதை வெளிப்படையாகச் சொல்லலாகாதா?

அவ்வினாவுக்கு விடை கிட்டவில்லை. சட்டம் பொருளாதார மொழியிலேயே தொடர்ந்து பேசியது. குரேஷி கசாப்புத் தொழிலாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் பசுவதைத் தடையை ஏற்றது. ஆயினும் உழைக்க இயலாத எருதுகளுக்கும் அதை நீட்டிப்பதை மறுத்தது. மாட்டிறைச்சி ஏழைகளின் உணவு என்பதையும் பதிவுசெய்தது. மைசூர் மாநிலத்தின் 1964ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயது கடந்த எருதுகளை அனுமதித்தது. 2005இல் எழுவர் அமர்வு முந்தைய நிலைப்பாட்டை மாற்றியது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டமோ 13 வயது கடந்த எருமை தவிர அனைத்தையும் தடுத்தது. மீறுவோர்க்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறை. ஒரு காலத்தில் அரசே தன் படைக்கு அளித்த உணவு, இன்னோர் அரசின் கீழ்க் குற்றமாயிற்று.

அன்றாட மொழியிலும் இவ்வதிகாரம் உறைந்திருக்கிறது. பெங்களூரின் புலால் உணவகம் ‘மிலிட்டரி ஹோட்டல்’ எனப்படுகிறது. அப்பெயரில் கறியைக் குறிக்கும் சொல்லே இல்லை. தமிழில் ஒரு சமயத்தின் பெயரான ‘சைவம்’ மரக்கறி உணவின் பெயராயிற்று. ஏனையது ‘அசைவம்’ என எதிர்மறையாற் சுட்டப்படுகிறது. 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 15 வயது நிரம்பியோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் புலால் உண்பவர். பெரும்பான்மையினர் உண்பதே விலக்காகவும், சிறுபான்மையினர் உண்பதே இயல்பாகவும் பெயரிடப்பட்டுள்ளன.

ஆகவே உணவு அரசியலை ஆராய்வோர் ‘யார் எதை உண்டனர்’ என்பதோடு நின்றுவிடலாகாது. எவ்வுணவுக்கு யார் பெயரிட்டனர், எந்தக் காரணத்தைச் சொல்லி எதை மறைத்தனர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். காக்ஸ் டவுனின் வரலாறு அவ்வாசிப்பைக் கோருகிறது.